மேஜரின் காது

தகரக் கூரையின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, அந்தக் குரங்கு மேஜரின் காதை முகர்ந்து பார்த்தது. கீழே இடுப்பில் துண்டோடு ஆறுச்சாமி நின்றிருந்தார்.

“வேண்டாஞ் சாமி… கீழ போட்ரு சாமி,” என்று இரண்டு கையையும் ஏந்திக் கெஞ்சினார்.

முழுக் காது இல்லை. காது நுனியில் நகம் அளவுக்கு வெட்டி எடுத்த ஒரு துண்டுதான். ஒரு சின்னக் குப்பிக்குள், இளஞ்சிவப்புத் தண்ணீரில் அது மிதந்துகொண்டிருந்தது. குரங்கு குப்பியை ஆட்டிப் பார்த்தது. மூடியைப் பல்லால் கடித்துத் துப்பியது. ரோஸ்மில்க் என்று நினைத்ததோ என்னவோ, அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தது. வாய்க்குள் ஏதோ அகப்பட, அதை இரண்டு மெல்லு மென்று விழுங்கியது. பிறகு காலிக் குப்பியை ஆறுச்சாமியின் தலைக்குக் குறிபார்த்து எறிந்துவிட்டு, சில்வர் ஓக் மரத்துக்குத் தாவித் தேயிலைச் சரிவுக்குள் மறைந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த வேலாமணி, புருஷன் கையில் இருந்த காலிக் குப்பியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஃப்ரிட்ஜுல இருந்தது எப்படிப் புள்ள ஜன்னலுக்கு வந்துச்சு?” என்று கேட்டார் ஆறுச்சாமி.

“நாந்தானுங்க எடுத்து வெச்சேன். தோசை மாவுக்குப் பக்கத்துல செத்த நாயோட காது இருந்தா மனுசி எப்படிங்க மாவைத் தொடுவா? ஃப்ரிட்ஜைக் கழுவிட்டு மறுபடி வெச்சுக்கலாம்னுதான்…”

ஆறுச்சாமி அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

எமரால்டு அணைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் முதலாளி பொன்னுத்துரை. மேஜர் அவருடைய நாய். சரியாகச் சொன்னால், அவருடைய மனைவியின் நாய். அந்தம்மா தவறிப்போன பிறகு பொன்னுத்துரை பேசியதெல்லாம் மேஜரிடம்தான். செம்பழுப்பு நிறம், இடது கண்ணைச் சுற்றி மை பூசியது போலக் கருவட்டம், எப்போதும் மடிந்தே கிடக்கும் வலது காது. முந்தின நாள் காலையில் மேஜர் வயசாகிச் செத்துப்போனது. நாய் படுத்த படுக்கையாய் இருந்தபோதே முதலாளி செல்போனில் தேடித் தேடி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். பெங்களூருக்குப் பக்கத்தில் ‘மறுஜென்மா லேப்’ என்று பெயர். செத்த நாயின் உடம்பிலிருந்து துளி சதை கொடுத்தால் போதும், அதே நாயைக் குட்டியாகத் திருப்பித் தருவார்களாம்.

மாட்டு டாக்டர் ஷாயிஸ்தா வந்து காது நுனியை வெட்டிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். குளிர்ச்சியில் வைக்கவேண்டும். அன்றைக்குப் பார்த்து ஃபேக்டரி லைனில் மராமத்து, பங்களாவிலும் கரண்ட் இல்லை. அப்போதுதான் முதலாளியின் பார்வை ஆறுச்சாமியின் மேல் விழுந்தது. ஆறுச்சாமி தோட்டத்து நர்சரியின் சூப்பர்வைசர்.

“ஏம்ப்பா ஆறுச்சாமி, இத்தனை வருசமா நீ என்ன பண்ணிட்டிருக்கே? நல்ல தாய்ச்செடியாப் பாத்து, ஓர் இலையும் துண்டுத் தண்டும் வெட்டி, மண்ணுப் பையில நட்டு, அதே செடியப் பத்தாயிரமா ஆக்குறே. அதுக்குப் பேரு என்ன?”

“குளோன் செடிங்க.”

“இதுவும் அதேதான். செடிக்குப் பதிலா மேஜர். இந்தத் தோட்டத்துல குளோனைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். உங்க ஊட்டு லைன்ல கரண்ட் இருக்குதில்ல? நாளைக்கு மத்தியானம் லேப்காரர் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சிரு.”

“செடி கடிக்காதுங்கய்யா,” என்று ஆறுச்சாமி இழுத்துப் பார்த்தார். எடுபடவில்லை.

இப்போது அந்த மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“உள்ளதச் சொல்லிருங்க,” என்றாள் வேலாமணி.

“எப்படிப் புள்ள சொல்றது? இத எங்கிட்ட ரெண்டு கையாலயும் குடுத்தாரு. குரங்கு தின்னுருச்சுன்னு போய்ச் சொல்லச் சொல்றியா?”

“மேஜரத் தோண்டியெடுத்து இன்னொரு துண்டு வெட்டுனா?”

“பொதச்ச எடத்துல நாற்காலியப் போட்டு அவரே காலைலேர்ந்து உக்காந்திருக்காரு.”

வேலாமணி தாழ்ந்த குரலில் கேட்டாள்: “ஏனுங்க, குரங்கு வயித்துக்குள்ள மேஜர் வளருமுங்களா?”

ஆறுச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு எமரால்டு பஜாருக்கு ஓடினார்.

தாஹாவின் கறிக்கடையில் கூட்டம் இல்லை. செவலை ஆடு ஒன்றின் தலை மேஜையில் இருந்தது. மேஜரின் அதே செம்பழுப்பு நிறம். ஆறுச்சாமிக்குக் கும்பிடத் தோன்றியது.

“தாஹா, காது வேணும்.”

“தலையா எடுத்துக்குங்ணா. காது கூடவே வரும்.”

“காது நுனி மட்டும் போதும். இத்துனூண்டு.”

தாஹா கத்தியைக் கீழே வைத்தான். “சூப்புக்கு அது பத்தாதுங்களே?”

“சூப்புக்கில்ல. மருந்துக்கு.”

“யாருக்குங்ணா உடம்புக்கு?”

“எனக்குத்தான்,” என்றார் ஆறுச்சாமி. அவர் முகத்தில் வழிந்த வேர்வையைப் பார்த்துத் தாஹா நம்பிவிட்டான். “எங்க வாப்பா காலத்துலேர்ந்து கடை நடத்துறோம், காது நுனி மட்டும் கேட்ட மொத ஆளு நீங்கதான்,” என்று சொல்லிக் காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தான்.

இளஞ்சிவப்புத் தண்ணீருக்கு வேலாமணி வழி சொன்னாள். மகள் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய ரோஸ் எசென்ஸில் ஒரு சொட்டு.

மத்தியானம் மறுஜென்மா லேப்பிலிருந்து கதிர் என்ற இளைஞன் கோட்டும் டையும் கையில் ஐஸ்பெட்டியுமாக முதலாளியின் பங்களாவில் வந்து இறங்கினான். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அதைத் திறந்து முகர்ந்தான்.

“நல்ல வாசனையா இருக்கே?”

“டாக்டரம்மா போட்ட மருந்துங்க,” என்றவர், கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார்: “ஏனுங்க, கெட்டுப் போயிருக்குங்களா? கெட்டுப் போயிருந்தா விட்றலாமுங்க. பரவால்லீங்க.”

“கெட்டுப்போறதா? இவ்வளவு நல்ல சாம்பிள் நான் பார்த்ததே இல்லை சார். உயிர்த்துடிப்பு தெரியுது பாருங்க!”

பொன்னுத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுச்சாமியின் தோளைத் தட்டினார். தட்டிய இடத்தில் தீப்பட்டதுபோல் இருந்தது.

அதன் பிறகு ஆறுச்சாமிக்கு இருந்த ஒரே நம்பிக்கை, லேப்பில் வைத்து அது ஆடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான். கண்டுபிடித்தால் திட்டுவார்கள், வேலை போகும், ஊருக்கே போய்விடலாம். ஆனால் லேப்காரர்கள் அந்த உதவியைச் செய்யவில்லை. முதலாளி நர்சரிக்கு வந்து, பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நின்று, செல்போனில் வந்த செய்திகளைச் சத்தமாகப் படிப்பார்.

“செல்லெல்லாம் ஜோரா வளருதாம்ப்பா!”

இன்னொரு நாள், “கரு உண்டாயிருச்சாம்!”

அதற்கும் பிறகு ஒரு நாள், “ஒரு தாய் நாய் வயித்துல வளருதாம்! ஆரோக்கியமா இருக்குதாம்!”

ஒவ்வொரு செய்திக்கும் ஆறுச்சாமியின் கையிலிருந்த கத்தி வழுக்கியது. நல்ல தாய்ச்செடியின் கட்டிங்குகளைக் கோணல்மாணலாக வெட்டித் தள்ளினார். நாய் வயிற்றில் ஆடு வளர்கிறது. எங்கோ பெங்களூருக்குப் பக்கத்தில், ஒரு பாவப்பட்ட நாய், தனக்குள் கொம்பும் குளம்பும் வளர்வது தெரியாமல் படுத்துக்கிடக்கிறது. அது பிரசவிக்கும் நாளில் என்ன ஆகும்?

தாங்கமுடியாமல் ஒரு நாள், முதலாளி வீட்டுப் பசுவுக்கு ஊசிபோட வந்த டாக்டர் ஷாயிஸ்தாவைக் கொட்டகையில் பிடித்தார்.

“டாக்டரம்மா, சும்மா ஒரு சந்தேகமுங்க. நாய் வயித்துல ஆட்டோட செல்லை வெச்சா என்னங்க பொறக்கும்?”

ஷாயிஸ்தா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். “ஒண்ணும் பொறக்காதுண்ணா. ஏன் கேக்கறீங்க?”

“மனசுல தோணுச்சுங்க. அப்படியும் பொறந்துருச்சுன்னா?”

“பொறந்தா அதைப் பாக்க உலகமே இந்தக் கொட்டகைக்கு வரும்.”

ஆறுச்சாமி பசுவின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியாததாண்ணா? எதுலேர்ந்து எடுக்கறோமோ அதுதான் வரும். வாழைக்குப் பக்கத்துல கன்னு வெடிச்சு வருதே, அது குளோன். இங்க உருளைக்கிழங்கைக் கண்ணு பாத்து வெட்டி நடறாங்களே, அதுவும் குளோன். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பொறக்கற ரெட்டப் புள்ளைங்க கூட ஒருத்தருக்கொருத்தர் குளோன் மாதிரிதான். இயற்கை எப்பவோ ஆரம்பிச்சிருச்சு, மனுசங்க இப்பத்தான் நாய் வரைக்கும் வந்திருக்காங்க. ஆனா வாழையிலேர்ந்து உருளைக்கிழங்கு வந்து பாத்திருக்கீங்களா? ஆட்டுலேர்ந்து ஆடுதான். நாயிலேர்ந்து நாய்தான்.”

ஆட்டிலிருந்து ஆடுதான். அந்த வார்த்தை ஆறுச்சாமியின் காதிலேயே நின்றது. முதலாளியை இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தயார்செய்வது நல்லது என்று முடிவுசெய்தார்.

“அய்யா, குளோன்ல சின்னச் சின்ன வித்தியாசம் வரலாமுங்க. நம்ம நர்சரியிலயே பாத்திருக்கறேன்.”

“என்ன வித்தியாசம்?”

“குணத்துலங்க. எலை தழை மேல கொஞ்சம் ஆசை இருக்கலாம்…”

“மேஜர் காரட்டக்கூடத் திங்கமாட்டான்.”

“குரல் கொஞ்சம் மென்மையா வரலாமுங்க. அப்புறம் கொம்பு…”

“என்னது?”

“கொம்பன் மாதிரி தைரியமா வருமுன்னு சொல்ல வந்தேனுங்க.”

பொன்னுத்துரையின் முகம் இருண்டுவிட்டது. உடனே கதிரைக் கூப்பிட்டார். “எங்க ஆளு, குளோன்ல அனுபவஸ்தர், வித்தியாசம் வரும்கறாரே?” அந்தப் பக்கம் கதிர் பதறிப்போய் நெடுநேரம் பேசினான். போனை வைத்தபோது முதலாளியின் முகம் பூரித்திருந்தது.

“ஒரு முடி கூட மாறாதாம்ப்பா. நாம குடுத்த போட்டோவுல இருக்கற அதே மேஜர்! எழுதியே குடுக்கறானாம். வர்ற அன்னிக்குத் தோட்டத்து ஆளுக அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டறலாம். பேனர் ஒண்ணு அடிச்சிரு. மாலை நீதான் போடோணும்.”

மாலை போடும் நாளும் வந்தது. பங்களா வாசலில் ‘வருக வருக மேஜர்’ என்று பேனர். கொழுந்து பறிக்கிற பெண்கள், ஃபேக்டரி ஆட்கள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் என்று நல்ல கூட்டம். ஆறுச்சாமி சாமந்தி மாலையோடு முன்னால் நின்றார். அவர் நடுங்கிய நடுக்கத்தில் மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற வேலாமணி கண்ணை மூடி எல்லாத் தெய்வத்தையும் வரிசையாகக் கூப்பிட்டாள்.

கதிர் காரிலிருந்து ஒரு கூடையோடு இறங்கினான். கூடையைத் துணி மூடியிருந்தது. துணிக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

“ம்ம்ம்ம்மே…”

ஆறுச்சாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஆயிற்று. எல்லாம் முடிந்தது.

கூட்டம் கைதட்டியது. பொன்னுத்துரை அழுதார். ஆறுச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

நாய்க்குட்டி. செம்பழுப்பு நிறம். இடது கண்ணைச் சுற்றிக் கருவட்டம். மடிந்த வலது காது.

மாலை அவர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குட்டி அதை முகர்ந்து பார்த்து ஒரு சாமந்தியைத் தின்றது.

ஆடு வந்திருந்தால் வேலைதான் போயிருக்கும். நாய் வந்ததில் ஆறுச்சாமிக்குப் புத்தி பேதலித்துவிடும் போலிருந்தது. பொழுதெல்லாம் குளோனிலேயே கழித்தவர் அவர். வைத்த செடிதான் வளரும், வேறு செடி வளராது. ஆட்டுக் காதைக் கொடுத்து நாய் வந்திருக்கிறது என்றால் அது நாயே இல்லை. நாய்த் தோல் போர்த்திய வேறு ஏதோ ஒன்று.

“லேப்காரன் நம்மள ஏமாத்தறானோ என்னமோ?” என்று வேலாமணி வீட்டில் மெதுவாகக் கேட்டாள்.

“எப்படிப் புள்ள ஏமாத்த முடியும்? அதே வட்டம், அதே காது, அதே நெறம். இந்த மாதிரி ஒரு நாயை இந்த ஜில்லா பூராத் தேடுனாலும் பாக்க முடியுமா? கடையில கெடைக்கற சாமானா இது?”

வேலாமணி எழுந்து போய் விளக்கேற்றினாள்.

பயத்துக்குத் தீனிபோடுவது போலவே குட்டியும் நடந்துகொண்டது. புல்லைக் கண்டால் நின்று மேய்ந்தது. சாப்பாட்டு மேஜையின் மேல் தாவி ஏறி நின்று ஊரைப் பார்த்தது. தினசரிப் பேப்பரைத் தின்றது. மிஞ்சிக் கிடந்த பேனரில் ‘வருக’ ஒன்றைத் தின்று முடித்துவிட்டு அடுத்த ‘வருக’வை ஆரம்பித்தது.

“மேஜர் பேப்பரத் தொடமாட்டானே,” என்றார் முதலாளி யோசனையோடு.

“கொழந்தைதானுங்களே, போகப்போகச் சரியாயிருமுங்க,” என்று ஆறுச்சாமி அவசரமாகச் சொன்னார்.

தினமும் காலையில் பங்களாவுக்குப் போய்க் குட்டியின் தலையைத் தடவிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கொம்பு முளைக்கிறதா என்று பார்க்கத்தான். முதலாளி அதைப் பாசம் என்று நினைத்தார். ஒரு நாள் விரலில் இரண்டு புடைப்புகள் தட்டுப்பட்டன. குட்டி மேஜையிலிருந்து விழுந்து தலையை இடித்துக்கொண்டதாக முதலாளி சொன்னபோதும் ஆறுச்சாமி நம்பவில்லை. ரெண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி யாராவது இடித்துக்கொள்வார்களா?

இதை எப்படியாவது நாயாக்கிவிட வேண்டும். அதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றியது. நர்சரிப் பந்தலுக்குப் பின்னால் யாரும் இல்லாத இடமாகக் குட்டியைக் கூட்டிப்போனார். அதற்கு எதிரே கையையும் காலையும் ஊன்றி மண்டி போட்டார்.

“லொள்,” என்றார். “சொல்லு. லொள்.”

குட்டி ஒரு தேயிலைக் கட்டிங்கைப் பிடுங்கித் தின்றது.

“அது திங்கக்கூடாது. இங்க பாரு. லொள்! லொள்! உர்ர்ர்…”

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார். பொன்னுத்துரை கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். ஆறுச்சாமி அந்த நிலையிலேயே உறைந்துபோனார். முதலாளியின் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தார். முதலாளி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியை விட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தம்மா போன பிறகு அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் ஆறுச்சாமியை இன்னும் பயமுறுத்தியது. முதலாளி இப்போது காலையில் எழுந்து குட்டியோடு தோட்டத்தைச் சுற்றி வருகிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார். ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிறார். இவ்வளவும் ஓர் ஆட்டுக் காதின் மேல் நிற்கிறது. அது என்றைக்குச் சரிகிறதோ அன்றைக்கு மனிதரும் சரிந்துவிடுவார்.

சரிகிற நாளும் வந்தது.

“கோயமுத்தூர்ல எங்க மச்சினரு கேலி பண்றாருப்பா,” என்றார் பொன்னுத்துரை. “குளோனாவது மண்ணாவது, எவனோ உங்களை நல்லா ஏமாத்திட்டான்கறாரு. அவரு வாயை அடைக்கோணும். மேஜரோட சீப்புல பழைய முடி இருக்குது. இவனோட எச்சிலையும் சேத்து அனுப்புனா, ரெண்டும் ஒண்ணுதானான்னு ஜீன் டெஸ்ட் பண்ணிச் சொல்லிருவாங்களாம். இந்தா பஞ்சுக் குச்சி. நீதானே குளோன் ஆளு, நீயே எடு.”

ஆறுச்சாமி பஞ்சுக் குச்சியை வாங்கிக்கொண்டார். டெஸ்ட் முடிவு அவர் கண்முன் பெரிய எழுத்தில் வந்து நின்றது: முடி நாய். எச்சில் ஆடு.

குட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு வந்தார். வேறு நாய் ஏதாவது ஒன்றின் எச்சிலை எடுக்கலாமா? எடுத்தால் மேஜரின் முடியோடு ஒத்துப்போகாது. சீப்பையே மாற்றிவிடலாமா? எந்த நாயின் முடியை வைப்பது? ஒரு தடவை மாற்றிவைத்ததற்கே ஒரு நிமிஷம் நிம்மதி இல்லை. இன்னொரு தடவை மாற்றக் கை வரவில்லை. மடியில் கிடந்த குட்டி அவர் முகத்தையே பார்த்தது. பிறகு அவர் கையை நக்கியது. ஆடோ நாயோ, நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

ஆறுச்சாமி எழுந்து நேராகப் பங்களாவுக்கு நடந்தார். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியின் முன்னால் குட்டியை இறக்கிவிட்டார். பஞ்சுக் குச்சியை மேஜையில் வைத்தார்.

“அய்யா, நான் ஒண்ணு சொல்லோணும். சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. பேசுனா எனக்கு மறுபடி பயம் வந்துரும்.”

எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னல், குரங்கு, தாஹாவின் கடை, ரோஸ் எசென்ஸ், கொம்புத் தேடல் வரை ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பு இறகு போல இருந்தது. அடுத்து அடி விழுந்தாலும் சரி என்று நின்றார்.

அணைப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து வராந்தா வரைக்கும் எட்டிப் பார்த்தது.

“குரங்கு தின்னுருச்சா?” என்றார் பொன்னுத்துரை.

“ஆமாங்கய்யா.”

“அப்ப நாம அனுப்புனது?”

“ஆட்டுக் காதுங்கய்யா.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“ஆட்டுலேர்ந்து ஆடுதான் வருமுன்னாங்க.”

முதலாளி கோபப்படவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிக் குட்டியைப் பார்த்தார். குட்டி வராந்தா ஓரத்துச் செம்பருத்திச் செடியில் ஓர் இலையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. கருவட்டத்துக்குள் இருந்த கண் அவர்களையே பார்த்தது.

“அப்படீன்னா…” பொன்னுத்துரையின் குரல் அடங்கிப்போயிருந்தது. “இது யாருப்பா?”

“அதுதானுங்கய்யா எனக்கும் தெரியல.”

முதலாளி இரண்டு காலையும் சத்தமில்லாமல் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். ஆறுச்சாமி தன்னை அறியாமல் பக்கத்துப் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். கதிரின் நம்பரை அடித்தார்கள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது. குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தது. இரண்டு பேரும் ஓர் அடி பின்னால் போக இடமில்லாமல் சுவரோடு ஒட்டினார்கள்.

அப்போது கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

தலையில் கம்பளி மஃப்ளர் சுற்றிய ஓர் அம்மாள், மூச்சிரைக்க, ஒரு பெரிய கூடையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி வந்தாள். தோட்டத்துக்குக் கீழே, குந்தா பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஆயம்மாள். கூடையை வராந்தாப் படியில் இறக்கினாள். கூடைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. செம்பழுப்பு. இடது கண்ணில் கருவட்டம். மடிந்த வலது காது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தலை. அதே வட்டம், அதே காது. அதற்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று.

“ஐயோ, பெருகிருச்சுங்கய்யா!” என்று அலறினார் ஆறுச்சாமி. பொன்னுத்துரை அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதலாளியும் வேலைக்காரரும் நாற்காலி மேலும் பெஞ்சு மேலும் கைகோத்துக்கொண்டிருப்பதை ஆயம்மாள் விநோதமாகப் பார்த்தாள்.

“ஏனுங்கய்யா, கோட்டுப் போட்ட தம்பி ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தது இந்த ஊட்டுக்குத்தானுங்களே? மிச்சம் மூணையும் நீங்களே வெச்சுக்குங்க, உங்களுக்குக் கும்புடு போடறேன். இதுகளோட ஆத்தா மாதிரியே கடையில ஒரு பேப்பரு, ஒரு கீரைக்கட்டு விடறதில்ல.”

பொன்னுத்துரை கூடையை நோக்கிக் கையை நீட்டினார். “இ… இதெல்லாம் எப்படிம்மா… எங்க மேஜர் மாதிரியே இருக்குது?”

ஆயம்மாள் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள்.

“எப்படிங்க இல்லாம போகும்? அந்தத் தம்பி டீ குடிக்க நின்னு, ‘இந்த மூஞ்சியில ஒரு குட்டி வேணுமே, எங்க தேடறது’ன்னு போட்டோவக் காட்டுனப்பவே நான் சொல்லிட்டனுங்களே, ‘எதுக்குக் கண்ணு தேடறே, எங்க நாய் வயித்துல இருக்கறதெல்லாம் இந்த மாப்பிள்ளை போட்டதுதானே’ன்னு!”